பத்துப் பொருத்தம்

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை வேளை. சேலையூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். கையிலே மஞ்சள் பை. பைக்குள்ளே இரண்டு ஜாதகங்கள். முகத்திலே பரம திருப்தி.

"வாத்தியார் ஸார்! பத்துக்கு எட்டுப் பொருந்துகிறது. ரஜ்ஜுவும் தட்டவில்லை. பையனுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியிலே உத்தியோகம். அவர்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்கிறார்கள். குழந்தைதான் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறாள். உங்களிடம் படித்தவள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்."

அந்தப் பெண் நம் வகுப்பில் முன் பெஞ்சியில் உட்கார்ந்து படித்தவள். இப்போது தாம்பரத்தில் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறாள். மறுநாளே சென்றோம். காப்பியை நம் முன் வைத்துவிட்டு அவள் மிகவும் மரியாதையாகவே கேட்டாள்: "எட்டுப் பொருத்தம் இருக்கிறதாக அப்பா சொல்கிறார். என் சம்மதம் அந்தப் பத்திலே எத்தனையாவது, ஸார்?"

இருபது வருஷமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய நமக்குப் பதில் சொல்லிப் பழக்கம் குறைவு. "பார்த்துச் சொல்கிறோம், அம்மா" என்று எழுந்து வந்துவிட்டோம். வந்தபின் மெய்யாகவே பார்த்தோம். பார்த்ததை நேயர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. ஏனெனில் இந்த மஞ்சள் பை ஒரு வீட்டுச் சொத்து அல்ல.

ஜோசியர் பார்க்கும் பத்து இவை: தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. பெண்ணும் பிள்ளையும் பிறந்த வேளையில் சந்திரன் எந்த நட்சத்திரத்தில், எந்த ராசியில் நின்றான் என்பதே அஸ்திவாரம். முன்னெல்லாம் ஜோசியர் விரல் மடித்து எண்ணினார்; இப்போது கணிப்பொறி ஒரு நொடியில் எண்ணித் தள்ளிவிடுகிறது. பிள்ளை பொய் சொல்லுகிறவனா, பெண் சிரித்துப் பேசுகிறவளா, இருவரில் யாருக்காவது மனசு வேறிடத்தில் இருக்கிறதா என்பவற்றுக்கு இந்தப் பத்தில் ஒரு கட்டமும் கிடையாது. அதற்குப் பதிலாக, மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. மாமியாருக்கு ஆகாமற்போவதற்கு நட்சத்திரத்தின் உதவி அவசியந்தானா என்பது நமக்கு வெகுநாளைய சந்தேகம். ஆனால் இந்தப் பேச்சினால் முப்பது வயதாகியும் வீட்டில் காத்திருக்கும் பெண்களை நாம் அறிவோம். ஆகையால் அதற்குமேல் சிரிக்க மனம் வரவில்லை.

தமிழிலேயே இதைவிடப் பழைய பத்துப் பொருத்தம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் தலைவனும் தலைவியும் எவற்றால் ஒத்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் எண்ணிக் காட்டுகிறார். முதலாவது பிறப்பு, அதை நாம் மறைக்கப் போவதில்லை. இரண்டாவது குடி ஒழுக்கம், மூன்றாவது முயற்சி, நான்காவது வயது, ஐந்தாவது உருவம். ஆறாவது, இருவர் உள்ளத்திலும் நிலைபெற்ற காதல். அதன்பின் மன அடக்கம், இரக்கம், ஒருவரையொருவர் உணர்ந்துகொள்ளும் அறிவு. செல்வம் பத்தாவதாக, வரிசையின் கடைசியில் நிற்கிறது! கல்யாணப் பேச்சில் இன்று முதலில் வருவது எது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்த சூத்திரம் இன்னும் ருசியானது. இருவரிடமும் இருக்கக் கூடாத குணங்களை அது சொல்கிறது. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியந்துகொள்ளுதல், புறங்கூறுதல், கடுஞ்சொல், சோம்பல் இவற்றோடு, தன் குலத்தின் உயர்வை நினைத்து மகிழ்ந்துகொண்டிருப்பதும் ஒரு குற்றமாக எண்ணப்படுகிறது. ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அப்படியே. பிறப்பை முதலில் வைத்த அதே ஆசிரியர், அந்தப் பிறப்பிலே கர்வம் கொள்வதை விலக்கியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"இது இலக்கியம், சாஸ்திரம் என்ன சொல்கிறது?" என்று நண்பர் கேட்பார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அதையும் பார்த்தோம். மனு ஸ்மிருதி எட்டு வகை விவாகங்களைச் சொல்கிறது. பிராமம் முதல் பைசாசம் வரை செல்லும் அந்த வரிசையில், பெண்ணும் பிள்ளையும் தாமே விரும்பிச் சேரும் காந்தர்வமும் ஒன்று. மனுவைப் பெண்களின் பந்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்திரீ எந்தப் பருவத்திலும் சுதந்திரமாக இருக்கலாகாது என்று விதித்தவர் அவர்தாம். அவரே, குணமில்லாதவனுக்குக் கொடுப்பதைவிடப் பெண் சாகும்வரை பிறந்த வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார். பருவமடைந்த பெண் மூன்று வருஷம் காத்திருந்து, அதற்குள் தகப்பனார் கடமையைச் செய்யாவிட்டால், தனக்கு ஏற்றவனைத் தானே தேடிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். நம் ஊரில் பல வீடுகளில் கல்யாணம் நடப்பது ஆபஸ்தம்பர் சூத்திரப்படி. அவர் பெண்ணின் லக்ஷணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, எவளிடம் மனமும் கண்ணும் பதிகின்றனவோ அவளாலேயே செழிப்பு உண்டாகும், வேறொன்றையும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது சிலர் கட்சி என்று முடிக்கிறார். அது பிள்ளையின் கண். பெண்ணின் கண் என்ன ஆயிற்று என்று நம் மாணவி கேட்பாள். நியாயந்தான்.

அதற்குப் பதில் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையும் வெண்ணெயும் வைத்து நிவேதனம் செய்து, பெண்கள் கழுத்திலே மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறார்களே, அந்த நோன்பு யாரை நினைத்து? சாவித்திரியை. அவள் கதை என்ன? மத்ர தேசத்து அரசன் அசுவபதி, தன் மகளைக் கேட்டு யாரும் வராததைக் கண்டு, "நீயே போய் உனக்கேற்றவனைத் தேடிக்கொள்" என்று ரதத்தில் ஏற்றி அனுப்பினான். அவள் காட்டிலே, ராஜ்யத்தை இழந்த குருடரின் மகனைத் தேர்ந்துகொண்டு வந்தாள். அப்போது நாரதர், அவனுக்கு ஆயுள் இன்னும் ஒரு வருஷமே என்றார். இதைவிடப் பெரிய ஜாதக தோஷம் உண்டா? தகப்பன் வேறொருவனைப் பார்க்கச் சொன்னான். ஒரு தரம் மனத்தால் வரித்துவிட்டேன், இனி மாற்றம் இல்லை என்று சாவித்திரி நின்றாள். நாரதரே சரி என்று சொல்ல வேண்டியதாயிற்று. தானே வரனைத் தேர்ந்து, தகப்பனாரின் சொல்லையும் திரிகால ஞானியின் கணிப்பையும் மீறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் பெயரால், வருஷந்தோறும் அடை தட்டுகிறோம். அடை ஆறுவதற்குள் மகளின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம்.

நம் சேலையூர்வாசிகள் எல்லாரும் ஒரே மதத்தினரும் அல்லர். 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி நகரத்தைவிட்டு இந்தப் பக்கத்துக் காட்டுக்குக் குடிவந்தது. அதன் விடுதிகளில் ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அன்று முதல் மாதா கோயில் மணியும் நமக்குப் பழக்கமே. அங்கே கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று சபையாரைக் கேட்கிறார்கள். பிறகு பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறார்கள். பைபிளில் ஆபிரகாமின் வேலைக்காரன் ஈசாக்குக்குப் பெண் பேச வந்தபோது, அண்ணனும் தாயும் ரெபெக்காளையே கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்கள்; போகிறேன் என்று அவள் சொன்ன பிறகே அனுப்பினார்கள். இஸ்லாத்தில் மணப்பெண்ணின் சம்மதம் நிக்காஹ்வுக்கு அவசியம். கன்ஸா என்ற பெண்மணி, தம்மைத் தகப்பனார் விருப்பமில்லாத இடத்தில் கொடுத்துவிட்டதாக நபிகளிடம் முறையிட, அந்த விவாகமே ரத்தாயிற்று என்று ஹதீஸ் கூறுகிறது. பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பொருள் மஹர். அது அவளுக்கே சொந்தம். ஆயினும் தமிழ்நாட்டில் கைக்கூலி வாங்காத சமூகம் எது என்று தேடினால் மூன்று மதத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெண்ணுக்காகத் தகப்பன் பணம் வாங்கினால் அது அவளை விற்பதே என்று மனு கண்டித்தார். பிள்ளையை விற்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். அதைச் சர்க்கார் 1961-ல் ஒரு சட்டத்தினால் தடுக்கப் பார்த்தது. 'நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்ற மந்திரம் அந்தச் சட்டத்தின் கண்ணில் படாமல் இன்னும் உலாவுகிறது.

மற்றச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்று வரம்பிட்டபோது சாஸ்திரம் போயிற்று என்று கூக்குரல் எழுந்தது. 1978-ல் அது பதினெட்டாயிற்று. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டப்படி, பலவந்தத்தால் பெற்ற சம்மதத்தின்மேல் நடந்த கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்துச் செய்யலாம். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைக் கல்யாணத்துக்கு 1967-ல் சென்னைச் சட்டசபை அங்கீகாரம் அளித்தது. ஆனால் 2016 மார்ச்சு மாதத்தில், உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கருகே, வேறு சாதிப் பெண்ணை மணந்துகொண்ட ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது வந்த இருவர் தம் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையில் குடும்பமோ சாதிக் கூட்டமோ தலையிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-லும் சொல்ல வேண்டியிருந்தது. குலத்தை நினைத்து மகிழ்வதைக் குற்றமென்ற தொல்காப்பியரைத்தான் அப்போது நினைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போனோம். தகப்பனாரும் தாயாரும் கூடத்தில் இருந்தார்கள். பெண்ணைக் கூப்பிட்டு, "ஆறாவது, அம்மா" என்றோம். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அதற்கு முன்னால் ஐந்து இருக்கிறதே, ஸார்!" என்று சிரித்தாள். நண்பர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் மஞ்சள் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு என்னதான் வேண்டும், சொல்லேன்" என்றார். அவர் இதுவரை அதைக் கேட்டதில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அப்பா. அவரோடு பேச வேண்டும், பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் என்றாள் பெண். தாயார்தான் முதலில் தலையை ஆட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் திருவிடந்தைக்குப் புறப்பட்டபோது நம்மையும் அழைத்தார்கள். காம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சென்று கடற்கரைச் சாலையைப் பிடித்து, கோவளம் தாண்டினால் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில். காலவ ரிஷிக்கு முந்நூற்றறுபது பெண்களாம். பெருமாள் பிரமசாரி வேஷத்தில் வந்து நாளைக்கு ஒருத்தியாக மணந்து, கடைசி நாளில் எல்லாரையும் ஒருத்தியாக்கி இடப் பக்கத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது தல புராணம். அந்தக் கதையில் யாரும் ஜாதகம் பார்த்ததாக நாம் கேட்டதில்லை. கல்யாணமாகாதவர்கள் இரண்டு மாலை வாங்கிச் செல்ல, அவற்றில் ஒன்றைச் சுவாமிக்குச் சாத்தித் திருப்பிக் கொடுக்கிறார்கள்; அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிரதக்ஷிணம் செய்ய வேண்டும். பெண் சுற்றி வந்தாள். பிள்ளையும் வந்திருந்தான், தன் மாலையோடு அவனும் சுற்றினான். ஆறாவது சுற்றில் இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். நண்பர் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு எண்ணிக்கையைத் தவறவிட்டார்.

கல்யாணமான பிறகு தம்பதியாக வந்து, பழைய மாலையைக் கோயிலில் சேர்ப்பது வழக்கம். அந்த மாலை இன்னும் நண்பர் வீட்டுப் பூஜையறை ஆணியில் சருகாகத் தொங்குகிறது. இன்னொரு தடவை பேச வேண்டும் என்று பெண் சொல்லியிருக்கிறாளாம். பிள்ளையும் அதையேதான் சொன்னானாம்.