நத்தார் கழிந்த பின் தர்மக் கடைகள்

இங்கிலாந்திலே நத்தார்ப் பண்டிகை நிறைவுற்றுச் சில நாட்கள் சென்றதும், கடைத்தெருக்களில் ஒரு புதுமையான காட்சியைக் காணலாம். பைகளையும் பெட்டிகளையும் சுமந்தவண்ணம் மக்கள் சிறு கடைகள் சிலவற்றை நாடிச் செல்வர். அவர்கள் பொருள் வாங்கச் செல்பவர் அல்லர், கொடுக்கச் செல்பவர். அளவு பொருந்தாத கம்பளிச் சட்டை, முன்னரே வீட்டில் உள்ள நூலின் இரண்டாம் பிரதி, உறை பிரிக்கப்படாத தேநீர்க் கோப்பைகள் ஆகியன அப்பைகளில் இருக்கும். கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வந்துதானே ஆகவேண்டும் என்பர் தமிழர். வேண்டாத பரிசின் கதையும் அதுவே.

இக்கடைகள் தர்மக் கடைகள் எனப்படும். பிரித்தானியாவில் இவை ஏறத்தாழ 10,000 உள. பொதுமக்கள் இலவசமாக அளிக்கும் பழஞ் சாமான்களை விற்று, வரும் இலாபத்தை நோயாளர் பராமரிப்பு, ஏழைக் குழந்தைகளின் நலம், பஞ்ச நிவாரணம் போன்ற பணிகளுக்கு இவை செலவிடுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் இத்தகைய கடைகளை நடத்தியது. பகைவர் கைப்பட்ட கிரேக்க நாட்டில் மக்கள் பட்டினியால் மடிந்தபோது, அவர்களுக்கு உதவும் பொருட்டு 1942இல் ஒக்ஸ்போட் நகரிலே ஒரு குழு அமைந்தது. பின்னாளில் ஒக்ஸ்பாம் என உலகறிந்த ஸ்தாபனம் அதுவே. 1940களின் பிற்பகுதியில் அந்நகரின் புரோட் வீதியில் அது திறந்த கடை, இன்றைய தர்மக் கடைகளுக்கு வழிகாட்டியாயிற்று.

இங்கே விலை மலிவாக இருப்பதன் காரணம் யாது? விற்கும் பொருளுக்குக் கொள்முதல் விலை இல்லை என்பது முதற் காரணம். கடையில் நிற்போரிற் பலர் சம்பளம் பெறாத தொண்டர்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதாக, அரசாங்கமும் கைகொடுக்கின்றது. இங்கிலாந்தில் இக்கடைகளுக்குச் சோலைவரியில் 80 சதவீதம் சட்டப்படி கழிக்கப்படும். நன்கொடையாக வந்த பொருளை விற்கும்போது பெறுமதி சேர் வரி அறவிடப்படுவதில்லை. அன்றியும், கொடுத்தவர் வருமான வரி செலுத்துபவராயின், அவருடைய சம்மதத்தின்பேரில், அப்பொருளை விற்றுப் பெற்ற ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் வீதம் அரசாங்கத்திடமிருந்து தர்ம ஸ்தாபனம் பெற்றுக்கொள்ளலாம்.

சனவரி மாதத்தில் இக்கடைகள் நிரம்பி வழிவதற்கும் காரணம் உண்டு. பரிசுகள் ஒருபுறம் வந்து சேர, புத்தாண்டை முன்னிட்டு வீட்டைத் துப்புரவு செய்வோர் ஒழிக்கும் பண்டங்கள் மறுபுறம் வந்து குவிகின்றன. புதிய மேலங்கி பரிசாகக் கிடைத்தவர் பழையதைக் கொடுத்துவிடுகிறார். ஆனால் குளிர்காலமோ முடிந்தபாடில்லை. மாசி, பங்குனி வரையும் குளிர் நீடிக்கும். ஆகவே, கொடுப்பவருக்கு வேண்டாததாகிய அதே மேலங்கி, சிறிய ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு உடனடித் தேவையாகின்றது. இலங்கையிலிருந்து உயர்கல்வி கற்கச் சென்று, முதன்முறையாக உறைபனியைக் காணும் மாணவனுக்கும் அப்படியே. புதிய மேலங்கி வாங்கினால் அம்மாதத்து உணவுச் செலவைக் குறைக்க நேரிடும் என்ற நிலையில் உள்ளவனுக்கு, இக்கடை வேடிக்கை பார்க்கும் இடமன்று, அடைக்கலமேயாகும்.

எனினும், மலிவென்று கண்டதையெல்லாம் அள்ளிவருவது அறிவுடைமையாகாது. பழஞ் சாமானை ஆராய்ந்து கொள்ளுதல் ஒரு கலை. ஆடையை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால், அந்துப்பூச்சி அரித்த சிறு துளைகள் தெரியவரும். அக்குளும் கழுத்துப் பட்டியுமே முதலில் நைந்து போகும் இடங்கள். பொத்தான் ஒன்று குறைந்திருப்பின் கவலையில்லை, தைத்துக்கொள்ளலாம். துவைத்துச் சுருங்கிய கம்பளியை மீட்டெடுப்பது அரிது. சட்டையின் உள்ளே தைக்கப்பட்ட சீட்டு, அது பருத்தியா, கம்பளியா, செயற்கை நூலா என்பதைக் கூறும்.

மரத் தளபாடத்தில் ஊசிமுனைத் துளைகள் காணப்பட்டால், அருகே புதிய மாவு உதிர்ந்திருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். உதிர்ந்திருந்தால், பூச்சி இன்னும் உள்ளே உயிர்வாழக்கூடும். அதனை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றைய மரங்களுக்கும் கேடு. கரண்டி, தட்டு முதலியவற்றில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை பொறித்திருந்தால், அது ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளியைக் கொண்ட ஆங்கில வெள்ளி. ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துக்கள் இருந்தாலோ, அது வெள்ளி முலாம் பூசிய வேற்று உலோகமேயாகும். இவ்விரண்டையும் பிரித்தறியாது ஏமாந்தவர் பலர்.

பாதுகாப்பு விடயத்திலே சிக்கனம் பார்த்தல் ஆகாது. மெத்தை தைத்த நாற்காலி, சோபா ஆகியவற்றில் தீப்பாதுகாப்பு பற்றிய நிரந்தரச் சீட்டு உண்டா எனக் கவனித்தல் அவசியம். இதற்கான விதிகள் 1988இல் இயற்றப்பட்டன. சீட்டு அறுக்கப்பட்ட சோபாவைத் தர்மக் கடைகள் பொதுவாக ஏற்பதில்லை. மின்சார உபகரணங்களைத் தகுந்தவர் சோதித்த பின்னரே நல்ல கடைகள் விற்கின்றன. சோதனை வசதியில்லாத கடைகள் அவற்றை வாங்கிக்கொள்ள மறுத்துவிடும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் பழஞ் சாமானுக்கும் பொருந்தும். பொருளின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால், வாங்குமுன் சுட்டிக்காட்டப்பட்ட குறையை வைத்துப் பின்னர் முறையிட இயலாது.

பேரம் பேசலாமா என்ற வினாவும் எழும். ஏனைய பழஞ் சாமான் சந்தைகளில் அது இயல்பே. தர்மக் கடையிலோ, குறைக்கப்படும் ஒவ்வொரு பென்ஸும் ஒரு நோயாளியின் அல்லது பசித்த குழந்தையின் பங்கிலிருந்து குறைகின்றது என்பதை எண்ணிப்பார்த்தல் தகும். மறுபுறத்தில், அள்ளிக் கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கிழிந்ததும் கறைபட்டதுமான துணிகளைக் கடைவாயிலில் போட்டுவிட்டுச் செல்வது தர்மமாகாது. அவற்றைத் தரம் பிரிக்கவும் அகற்றவும் தொண்டரின் நேரமும் ஸ்தாபனத்தின் பணமும் வீணாகின்றன. விற்பனையாகாத துணிகள் மொத்த வியாபாரிகளிடம் நிறைக்கு விற்கப்பட்டுக் கடல் கடந்தும் செல்கின்றன.

ஆகவே, பண்டிகைக்குப் பின்னர் இக்கடைகளுக்குச் செல்பவர் தேவைப்பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு செல்வது நன்று. தேவையற்ற பொருளைக் கால் விலைக்கு வாங்கினும் அது நட்டமே. அடுத்த நத்தாருக்குப் பின் அதே கடைக்கு அது திரும்பி வரும். தேவையானதைத் தேர்ந்து வாங்கினாலோ, ஒரே பவுண் இருமுறை பயன் தருகின்றது: வாங்கியவரின் குளிரை ஒருமுறை போக்குகின்றது, முகமறியாத ஒருவரின் துயரை மறுமுறை தணிக்கின்றது.