ஏழடி அகல வீடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள கால்வாய்களிலும் ஆறுகளிலும் படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது ‘நேரோபோட்’ என்னும் எஃகுப் படகு. அதன் அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நீளமோ எழுபதடி வரை போகும். ஒரு ரயில் பெட்டியை இன்னும் ஒடுக்கியது போன்ற இந்த வடிவம் யாருடைய ரசனையாலும் வந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் ஒருவர் செலவுக்கும் தண்ணீருக்கும் பயந்து வகுத்த அளவு அது.

அந்தப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. வொர்ஸ்லியில் இருந்த தன் சுரங்கங்களின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்ல பிரிட்ஜ்வாட்டர் பிரபு அவரைக் கொண்டு ஒரு கால்வாய் வெட்டினார். 1761-இல் அது திறந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. சேறும் பள்ளமுமான சாலையில் வண்டி இழுக்கத் திணறும் ஒரே குதிரை, தண்ணீரில் மிதக்கும் படகில் இருபத்தைந்து டன் சரக்கை நிதானமாக இழுத்துச் சென்றது. கணக்குத் தெரிந்த முதலாளிகள் சும்மா இருப்பார்களா? நாடெங்கும் கால்வாய் வெட்டும் மோகம் பிடித்தது. அடுத்து வந்த டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு ஹேர்காசில் மலையைக் குடைய வேண்டியிருந்தது. சுரங்கத்தை அகலப்படுத்தினால் செலவு எகிறும். படகை மேடேற்றும் நீர்த்தொட்டிகளை அகலப்படுத்தினால் மேட்டுக்கு மேல் அவ்வளவு தண்ணீர் கிடைக்காது. ஏழடி போதும் என்று பிரிண்ட்லி முடிவு செய்தார். இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்கள் பலவும் அந்த அளவையே பின்பற்றின. இன்றைக்கும் அந்த வழியில் போக நினைக்கும் படகு அதற்குள் அடங்கித்தான் ஆக வேண்டும்.

கால்வாய் மேடேறும் இடங்களில் ‘லாக்’ என்னும் அமைப்பு இருக்கிறது. இரு முனையிலும் கனத்த மரக்கதவு வைத்த நீளமான கல்தொட்டி அது. மேலேற வேண்டிய படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு மேல்முனையில் உள்ள அடைப்புப் பலகைகளை உயர்த்தினால் மேல்மட்டத்து நீர் தொட்டிக்குள் பாயும்; படகும் கூடவே எழும்பும். இரு பக்கமும் மட்டம் சமமானால்தான் மேல்கதவு திறக்கும். அதுவரை எவ்வளவு பலசாலி தள்ளினாலும் அசையாது. நீரின் அழுத்தமே பூட்டாக நிற்கிறது. பெரும்பாலான லாக்குகளில் மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது, ஊழியரும் கிடையாது. ‘விண்ட்லஸ்’ எனப்படும் ‘ட’ வடிவ இரும்புக் கைப்பிடி ஒன்றை ஒவ்வொரு படகிலும் வைத்திருப்பார்கள். அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றிப் பலகையை உயர்த்துவதும், கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளுவதும் படகில் வருபவர்களின் வேலை.

ஒரு முறை நிரப்பி வடிக்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் மேட்டின் உச்சியில் ஏரிகள் வெட்டி வைத்தார்கள். இறங்கும்போது ஓர் ஆபத்தும் உண்டு. மேல்கதவின் அடியில் ஒரு கல்விளிம்பு நீருக்குள் மறைந்திருக்கும். படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பகுதி மட்டும் கீழே சரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு மூழ்கிவிடும். தொட்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்டு எச்சரித்திருப்பது இதற்காகத்தான்.

படகில் குடும்பம் நடத்துவது விடுமுறைக்காரர்கள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. தொடக்கத்தில் சரக்குப் படகோட்டிகள் கரையில் வீடு வைத்துக்கொண்டு படகில் வேலைக்குப் போய்வந்தார்கள். ரயில் வந்து கூலியைக் குறைத்ததும் வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். படகின் பெரும்பகுதி சரக்குக்குப் போய்விட, பின்முனையில் பத்தடிக்கும் குறைவான ஓர் அறையில் அடுப்பு, மடக்குக் கட்டில், அலமாரி, குழந்தைகள் அனைத்தும் அடங்கின. கதவுகளிலும் தண்ணீர்க் குடங்களிலும் ரோஜாவும் கோட்டையும் வரைந்து அலங்கரித்த ஓவிய மரபு இந்த நெருக்கடிக்குள் வளர்ந்தது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாக்கனியாக இருந்தது. ஊர்விட்டு ஊர் போகும் பிள்ளையை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்று வரையறுக்க 1877-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இன்றைய படகுகளின் பளபளப்பான படங்களைப் பார்த்து அந்தக் காலத்தையும் அழகாகக் கற்பனை செய்வது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொள்ள, கால்வாய்கள் புதர் மண்டின. 1939-இல் டாம் ரோல்ட் என்ற பொறியாளர் ‘கிரெஸ்ஸி’ என்னும் பழைய படகை வீடாக மாற்றி மனைவியோடு பயணம் புறப்பட்டார். அந்த அனுபவத்தை எழுதிய ‘நேரோ போட்’ என்ற புத்தகம் 1944-இல் வெளிவந்தது. அதைப் படித்த ராபர்ட் ஐக்மேன் அவரோடு சேர, 1946-இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் உருவானது. இருவரும் பின்னர் மனக்கசப்போடு பிரிந்தார்கள் என்றாலும் சங்கம் நின்றது. 1948-இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீர் உறைந்து கிடந்தபோது, எஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்தும் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. மூடிவிடலாம் என்ற பேச்சை மீறிக் கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்காகக் காக்க 1968-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் வழி செய்தது. இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,200 கிலோமீட்டர் நீர்வழியைப் பராமரிப்பது 2012-இல் தொடங்கிய ‘கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்னும் அறக்கட்டளை.

படகில் வசிப்பவர்கள் இரு வகை. ஒரு சாரார் கட்டணம் செலுத்தி ஓர் இடத்தில் நிரந்தரமாகப் படகைக் கட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு சாராருக்கு அப்படிச் சொந்த இடம் கிடையாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். தகுந்த காரணமின்றி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எவ்வளவு தூரம் நகர்ந்தால் அது பயணம் என்று சட்டம் சொல்லவில்லை. அறக்கட்டளைக்கும் படகுக்காரர்களுக்கும் ஓயாத வழக்கு இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. லண்டனில் இது முற்றிப்போயிருக்கிறது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாத இளைஞர்கள் பலர் படகு வாங்கி, ரீஜென்ட்ஸ் கால்வாயிலும் லீ ஆற்றிலும் பேட்டைக்குப் பேட்டை நகர்ந்துகொண்டே அலுவலகம் போய்வருகிறார்கள். கரையோரம் படகுகள் இரண்டு வரிசையாக ஒட்டி நிற்கின்றன. இடமில்லாமல் அலையும் படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகை விதிக்கப்படுகிறது.

எங்கே போவது என்பதைச் சுற்றுலாப் புத்தகம் தீர்மானிக்கிறது என்று கரையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பது தண்ணீர்த் தொட்டியும் கழிவறையும். குடிநீர்க் குழாய் இருக்கும் இடத்தில் நிறுத்தி சில நூறு லிட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும். கழிவறைக்குக் கீழே இருபது லிட்டர் அளவுள்ள பெட்டி ஒன்று இருக்கும். அது நிறைந்ததும் கையால் தூக்கிப்போய் அதற்கென்று உள்ள தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். இரண்டு பேர் வசிக்கும் படகில் சில நாட்களுக்கு ஒருமுறை இந்த வேலை வந்துவிடும். மின்சாரம் கூரையில் பதித்த சூரியத் தகடுகளிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் பேட்டரிக்குப் போகிறது. சமையலுக்கு எரிவாயு சிலிண்டர். குளிருக்கு நிலக்கரி அல்லது விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு. நிலக்கரியும் டீசலும் சிலிண்டரும் ஏற்றிய வியாபாரப் படகுகள் கால்வாய் வழியே வந்து விற்றுச் செல்லும்.

அடைத்த சின்ன அறையில் அடுப்பு எரிவதால் கார்பன் மோனாக்சைடு நச்சு உயிரைக் குடிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. 2019 முதல் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நான்காண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் பெறாத படகுக்கு உரிமம் கிடைக்காது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகை நீரிலிருந்து வெளியே எடுத்து, துருப்பிடிக்காதிருக்க அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சும் பூச வேண்டும். வீட்டை விற்றுப் படகு வாங்கினால் செலவே இல்லை என்று நம்பி வருபவர்களுக்கு இந்தப் பட்டியல் அதிர்ச்சி தரும்.

வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அலை அடித்து உள்ளே இருப்பவர்களின் தேநீர் கொட்டும், திட்டும் கிடைக்கும். தூரத்தைக் கணக்கிடப் படகோட்டிகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வரும். கார் பதினைந்து நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

இந்த வேகத்தில் பார்க்கவேண்டிய இடங்களில் முதலில் வைக்கத்தக்கது வேல்ஸில் லாங்காலன் கால்வாயின் பொன்ட்கசுல்ட்டே தொட்டிப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி 1805-இல் திறந்தது. டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றைத் தூண்களின்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உருவம் விளங்கும். மாத்தூரில் பாசன நீர் போகிறது. இங்கே நீரோடு படகும் போகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். படகின் பின்னால் நின்று சுக்கானைப் பிடித்திருப்பவருக்குத் தனக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே எதுவும் தெரியாது. 2009-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் டிவைசஸ் ஊருக்கு அருகே, இரண்டு மைலுக்குள் 29 லாக்குகள் இருக்கின்றன. அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் படிக்கட்டாக ஏறுகின்றன. முழுவதையும் கடக்க ஒரு பகல் பிடிக்கும். இந்தக் கால்வாய் பல பத்தாண்டு பாழடைந்து கிடந்து, தன்னார்வலர்களின் உழைப்பால் மீண்டு 1990-இல் ராணி எலிசபெத் கையால் திறக்கப்பட்டது. மேற்கே போனால் ரோமானியர் குளித்த பாத் நகரத்தின் நடுவே படகைக் கட்டலாம். ஸ்ட்ராட்ஃபோர்டிலோ வேறொரு கால்வாய் ஷேக்ஸ்பியர் நாடக அரங்கின் எதிரே உள்ள குளத்தில் வந்து முடிகிறது. அங்கே ஒரு லாக் இறங்கினால் அதே பெயர் கொண்ட இன்னோர் ஏவன் ஆறு.

சுரங்கங்கள் தனி உலகம். பென்னைன் மலைக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் போகும் ஸ்டான்ட்எட்ஜ் சுரங்கம் 1811-இல் திறந்தது. குதிரை நடக்க உள்ளே பாதை இல்லாததால் அதை மலைமேல் ஓட்டிச் சென்றார்கள். படகின்மேல் மல்லாந்து படுத்த ஆட்கள் சுவரில் கால் பதித்து நடந்து நடந்தே படகை இருட்டுக்குள் தள்ளினார்கள். இப்போது முன்பதிவு செய்து, அறக்கட்டளையின் வழிகாட்டி ஒருவரோடுதான் உள்ளே போக முடியும். லங்காஷயரில் ஃபௌல்ரிட்ஜ் சுரங்கத்துக்கும் ஒரு கதை உண்டு: 1912-இல் கால்வாயில் விழுந்த பசு ஒன்று கரையேறாமல் ஒன்றரைக் கிலோமீட்டர் சுரங்கத்தை நீந்திக் கடந்து மறுமுனையில் வெளிவந்தது. பிராந்தி ஊற்றிப் பிழைக்க வைத்தார்களாம்.

ஆற்றில் இறங்கியதும் விதிகள் மாறுகின்றன. கால்வாய் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், ஆறு இழுக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் பிடித்து நிறுத்த நங்கூரம் வேண்டும். கால்வாயில் பலர் அதை வைத்திருப்பதே இல்லை. ஆக்ஸ்போர்டு கால்வாயிலிருந்து தேம்ஸுக்குள் நுழையும் படகு பசுமையான புல்வெளி, விண்ட்சர் கோட்டை, ஹாம்டன் கோர்ட் அரண்மனை என்று கடந்து டெடிங்டனை அடையலாம். அதற்குக் கீழே கடலின் ஏற்றவற்றம் தொடங்கிவிடும். தேம்ஸின் லாக்குகள் அகலமானவை, பல எந்திரத்தால் இயங்குபவை. பெரும்பாலானவற்றில் காவலரும் அவருக்கொரு வீடும் பூந்தோட்டமும் உண்டு. மழையில் நீரோட்டம் வலுத்தால் லாக்கில் சிவப்புப் பலகை தொங்கும். தொங்கினால் கட்டிய இடத்திலேயே காத்திருப்பதுதான் புத்தி.

குளிர்காலத்தில் பயணம் சுருங்கிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை கதவு மாற்றவும் சுவர் பூசவும் லாக்குகளை மாறிமாறி மூடுவார்கள். பனிக்கட்டி உறைந்தால் படகின் பூச்சும் கிழியும். கோடையிலும் உத்தரவாதம் இல்லை. 2025 வறட்சியில் மேட்டு ஏரிகள் வற்ற, லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி உட்படப் பல வழிகள் மூடப்பட்டன. அரசு மானியமும் 2027 முதல் ஆண்டுதோறும் குறையப்போகிறது. இருநூறாண்டுப் பழைய கரைகளையும் அணைகளையும் வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதில் அறக்கட்டளையும் படகுக்காரர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. உரிமக் கட்டணம் ஏறும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகம் கிடையாது.