பட்டன் இருந்தால் போதுமா? வேனுக்கு டயர் வாங்கும் முன்...



தலைப்பைக் கண்டதும், "டயரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி?" என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழக்கூடும். நியாயமான வினாதான். நான் கல்லூரியில் பயின்றது வரலாறு, பணியாற்றுவது மதரஸாவில். டயரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அனைத்தும் நான் செய்த ஒரு தவற்றின் வழியே தெரிய வந்தவை. அந்தத் தவற்றின் விலையை நான் கொடுக்கவில்லை. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொடுத்தான். ஆகவேதான் எழுதுகிறேன்.

நம் ஊர்களில் இன்று வேன் இல்லாத பள்ளிக்கூடத்தைக் காண்பது அரிது. நிக்காஹ் என்றாலும் வேன், மவுத் செய்தி வந்தாலும் வேன், நாகூருக்கும் ஏர்வாடிக்கும் குடும்பத்தோடு புறப்பட்டாலும் வேன். வாடகை எவ்வளவு, ஏ.சி. உண்டா, ஓட்டுநர் நிதானமானவரா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் இத்தனை பேரையும் சுமந்து கொண்டு சாலையைத் தொட்டு நிற்பது, உள்ளங்கையை விரித்து வைத்த அளவுள்ள நான்கு ரப்பர்த் திட்டுகள் மாத்திரமே. அவற்றைக் குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எங்கள் மதரஸா வேனின் பின் டயர்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன. கமிட்டியில் பேச்சு வந்தபோது, "ஹஜரத் பட்டம் பெற்றவர், அவரே பார்த்து வாங்கி வரட்டும்" என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். முகலாயரின் நிலவரி முறையைப் படித்துப் பெற்ற பட்டம் டயர்க் கடையில் எதற்கு உதவும்? இருந்தும் மறுக்கவில்லை. கொடுத்த தொகையில் மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் மனத்தின் ஓரத்தில் இருந்தது.

கடைக்காரர் இரு வகை டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்று, வேனில் முன்பு இருந்த அதே வகை. மற்றொன்று விலையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு. "இதுவும் 195 தான் ஹஜரத், அதே 15 இஞ்ச் ரிம்தான். பட்டனைப் பாருங்கள், எவ்வளவு ஆழம்!" என்றார். கட்டம் கட்டமாக வெட்டிய அழகான டயர். பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், மனம் நிறைந்தது. இரண்டு டயரில் மூவாயிரம் ரூபாய் மிச்சம். கமிட்டியில் பாராட்டும் கிடைத்தது.

ஐந்து வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் மாத இறுதியில், பேச்சுப் போட்டிக்காகப் பதினான்கு மாணவர்களை ஏற்றிக் கொண்டு திருச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். பெட்டிகளும் பாத்திரங்களும் மேலே கேரியரில். துவரங்குறிச்சியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றிருப்போம். நடுப்பகல் வெயில். பின்புறம் முதலில் தட் தட் என்று ஓர் அடி. அடுத்த கணம் குண்டு வெடித்தது போன்ற ஓசை. வண்டி இடப்புறமாக இழுத்துக் கொண்டு போயிற்று. ஓட்டுநர் பாய் முதிர்ந்த அனுபவசாலி. பிரேக்கை மிதிக்கவில்லை. இரு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, வண்டி தானே தளரும் வரை நேராகப் பிடித்திருந்தார். அவர் பதறி பிரேக்கை அழுத்தியிருந்தால் வேன் கவிழ்ந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குச் சேதமில்லை. ஆனால் ஒரு மாணவனின் முகம் முன் இருக்கையின் கம்பியில் மோதி, மேலுதட்டில் மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

மாலையில் அவனுடைய தந்தை வந்தார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டயர் புதுசு மாட்டினதாகச் சொன்னீங்களே ஹஜரத்?"

என்னிடம் பதில் இல்லை. புதிது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

பஞ்சர் கடையில் கிடைத்த பாடம்

பதிலை அன்று பகலிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். அது என் செவியில் ஏறத்தான் நேரமாயிற்று. சாலையோரப் பஞ்சர் கடையிலிருந்த அந்த முதியவர், கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாய், இது ஆள் போற ஜீப்பு டயரு. வேனுக்குப் போடலாமா? அதுவும் நாலு வருசம் கடையில கெடந்த சரக்கு" என்றார். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களில் விரலை வைத்தார்: 1115.

அது தயாரிப்புத் தேதி. முதல் இரண்டு இலக்கங்கள் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. 2015-ஆம் ஆண்டின் பதினோராவது வாரம், அதாவது மார்ச் மாதம். நான் "புதிது" என்று வாங்கிய நாளில் அதற்கு நான்கு வயது நிறைந்திருந்தது!

வாசகர்களே, ரப்பருக்கும் முதுமை உண்டு. வெப்பமும் காற்றிலுள்ள பிராண வாயுவும் ஓசோனும் அதைச் சிறிது சிறிதாக இறுகச் செய்கின்றன. இதைத் தடுக்க ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நிமிரும்போது அம்மெழுகு மேற்பரப்புக்கு வந்து காப்பளிக்கும். ஓடாமல் கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. அதனால்தான் ஆண்டில் பாதி நாள் நின்று கிடக்கும் வண்டிகளில், பட்டன் தேயாமல் இருக்கும்போதே பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. பத்து ஆண்டைக் கடந்த டயர் பார்வைக்கு எப்படி இருந்தாலும் அகற்றப்பட வேண்டும் என்பது முன்னணித் தயாரிப்பாளர்கள் சிலரின் அறிவுரை. வாகனத் தயாரிப்பாளர்கள் பலர் ஆறு ஆண்டு என்றே வரம்பு வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலையும் சுமையையும் பார்க்கும்போது ஆறையே நான் கைக்கொள்கிறேன். நன்கு பேணப்பட்ட இருப்பு டயர் உடனே கெட்டுவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் ஆறில் நான்கைக் கடையிலேயே கழித்துவிட்ட டயருக்கு முழு விலையை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

சுமை எண்

வயதைவிடப் பெரிய குற்றம் மற்றொன்று. பழைய டயரில், ஆங்கில எழுத்தில், "195 ஆர் 15 சி 106/104" என்றிருந்தது. நான் வாங்கியதில் "195/80 ஆர் 15 96". அகலமும் ரிம் அளவும் ஒன்றே. கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்குப் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விட்டது கடைசி எண்ணை. அது சுமை எண். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 96 என்றால் 710 கிலோ. "சி" என்ற எழுத்து, அது வணிக வாகனத்துக்காகக் கனமாகக் கட்டப்பட்ட டயர் என்பதைக் குறிக்கும். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள 104, பின்புறம் இரட்டைச் சக்கரம் பூட்டிய வண்டிகளுக்கு உரிய கணக்கு; எங்கள் வேனில் ஒற்றைச் சக்கரம்தான்.

பிறகு ஒரு நாள், அதே போல் மாணவர்களை அமர்த்தி, மூட்டைகளையும் ஏற்றி, வேனை எடை மேடைக்குக் கொண்டு போனோம். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்த எடை 1,560 கிலோ. நான் வாங்கிய இரண்டு டயர்களும் சேர்ந்து தாங்கக்கூடியது 1,420 கிலோ. பழைய வகை 1,900 தாங்கியிருக்கும். வாடகையாகச் சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும் செலவழித்தால் தெரிந்துவிடக் கூடிய இந்தக் கணக்கை, ஒரு குழந்தை இரத்தம் சிந்திய பிறகே போட்டுப் பார்த்தோம்.

அமெரிக்காவில், வீடு போல் அமைந்த பெரிய இழுவை வண்டிகளை வாகனத்தின் பின்னே பூட்டிக் கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுவது வழக்கம். அவற்றின் டயர்கள் பெரும்பாலும் தாங்கும் வரம்பை ஒட்டியே ஓடுபவை. மாதக்கணக்கில் நின்று கிடப்பவையும் கூட. அதனால் விவரமறிந்த உரிமையாளர்கள், தண்ணீர் முதல் தட்டுமுட்டுச் சாமான் வரை ஏற்றி வண்டியை நிறுத்திப் பார்த்து, அந்த எடைக்கு மேல் தாராளமான இடைவெளி இருக்கும்படி டயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டன் மிச்சமிருந்தாலும் வயது பார்த்து மாற்றிவிடுகிறார்கள். அவ்வகை டயர்களில் பலவற்றுக்கு வேக வரம்பே மணிக்கு ஏறக்குறைய 105 கிலோமீட்டர்தான். எங்கள் மதரஸா வேனின் நிலையும் அதுவே அல்லவா? வார நாட்களில் பாதிக்கு மேல் நிற்கும். புறப்பட்டால் முழுச் சுமையோடு புறப்படும்.

உள்ளிருந்து வரும் வெப்பம்

டயர் வெடிப்பது வெயிலினால் என்று பலரும் கருதுகிறார்கள். வெயில் துணைக் காரணமே. சுமையின் கீழ் டயரின் அடிப்பாகம் அமுங்கி, சுழன்று மேலே வரும்போது நிமிர்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இது வினாடிக்குப் பத்து முறை நிகழ்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகிறதே, அது போல ரப்பரும் உள்ளுக்குள் சூடாகிறது. சுமை கூடினாலும் காற்று குறைந்தாலும் அமுங்குவது அதிகமாகும், வெப்பமும் பெருகும். முடிவில் உள்ளிருக்கும் எஃகுப் பட்டைக்கும் ரப்பருக்கும் இடையேயுள்ள ஒட்டு விட்டுப் போகிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் டயர் பட்டை உரிந்த மரம் போல் கிடந்தது. உரிந்து விழுந்த துண்டிலோ பட்டன் ஆழமாக, அழகாக, அப்படியே இருந்தது!

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பெருமளவில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் 65 இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. ஓடும்போதே பட்டை பிரிந்து வண்டிகள் உருண்டதில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்துகள் வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களிலேயே அதிகம் நேர்ந்தன. அந்த வாகனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பி.எஸ்.ஐ. காற்று மிகக் குறைவு என்று ஒரு தரப்பும், டயரின் தயாரிப்பே குறையுடையது என்று மறு தரப்பும் வழக்காடின. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாகத்தான், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அங்கே புதிய கார்களில் கட்டாயமாயிற்று. நம் வேனில் அந்தக் கருவி இல்லையென்றால், காற்றளவி ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக் கொள்ளுங்கள்.

காற்றின் அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் தாளில் இருக்கும். முழுச் சுமைக்கு உரிய எண்ணைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாக இருக்கலாம். புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது பெரும் தவறு. நைட்ரஜன் நிரப்பச் சொல்லி வற்புறுத்துவோர் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்! தீங்கில்லை, ஆனால் அதற்காகக் காசு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அளக்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை வாரந்தோறும் பார்ப்பதே மேல்.

இன்னும் சில. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் மழையில் முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் ஓரளவு சமாளிப்பார். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ட்யூப்லெஸ் டயர் மாற்றும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், சிறு தொகைதான். மாற்றிய பின் நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மீண்டும் ஒரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். கடையில் பழைய டயருக்குக் கறுப்புப் பாலிஷ் பூசிப் பளபளக்க வைத்திருப்பார்கள். பளபளப்புக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுமை ஏற்றும் வேனில் அது வரை காத்திருப்பது புத்திசாலித்தனமன்று. முக்கியமாக, ஸ்டெப்னியை மறவாதீர்கள். ஓடாவிட்டாலும் அதற்கும் வயது ஏறுகிறது.

எங்கள் வேனுக்கு மறு வாரமே, 106 சுமை எண்ணுள்ள டயர்களை வேறொரு கடையில் வாங்கினோம். மிச்சம் பிடித்த மூவாயிரத்தோடு மேலும் பல ஆயிரம் போயிற்று. பில்லில் டயர்களின் தேதி எண்ணையும் எழுதித் தரச் சொன்னேன்; கடைக்காரர் முகம் சுளித்தாலும் எழுதித் தந்தார். தையல் போட்ட மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறையில் வந்தால், ஸலாம் சொல்லிவிட்டு வேனைச் சுற்றி ஒரு முறை நடப்பான்.

ஐந்து டயர்களின் எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்டெப்னியின் எண் 0820. அதை மாற்ற வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.