எதையும் விற்காத சுவர்

நகரத்துத் திரைகள் எல்லாம் எதையாவது விற்றுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு சுவர் இதற்கு விலக்கு.

ஆற்றங்கரையில் 25 மாடி உயர்ந்து நிற்கும் மெர்ச்சண்டைஸ் மார்ட், மொத்த வியாபாரிகளை ஒரே கூரையின்கீழ் சேர்ப்பதற்காகக் கட்டப்பட்டு 1930இல் திறக்கப்பட்டது. ஆற்றைப் பார்த்த அதன் முகப்பில், 2018 செப்டம்பரில் 'ஆர்ட் ஆன் த மார்ட்' தொடங்கியது. இருட்டியதும் 34 புரொஜெக்டர்கள் சுமார் இரண்டரை ஏக்கர் பரப்பில் கலைப் படைப்புகளை ஒளியாகப் பாய்ச்சுகின்றன. கட்டட உரிமையாளரும் நகர நிர்வாகமும் செய்துகொண்ட 30 ஆண்டு ஒப்பந்தப்படி, அங்கே விளம்பரத்துக்கு இடமில்லை.

டயானா தேட்டர், ஜேசன் சலவான் போன்ற பெயர்பெற்ற கலைஞர்களுடன் தொடங்கிய அந்தச் சுவர், மாணவர்களுக்கும் திறந்தது. ஸ்கூல் ஆஃப் த ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலைக் கல்லூரி மாணவர்களின் அசைபடங்களும், நகர அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களும் அங்கே ஒளிர்ந்திருக்கின்றன.

சுவர் நடத்தும் பாடம்

கணினித் திரையில் அழகாக இருப்பது சுவரில் அப்படியே வந்துவிடாது. திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு. சுண்ணாம்புக்கல் முகப்பு தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித்தான் தரும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாக விட்ட இடத்தில் கட்டடமே தெரியும். வரிசை வரிசையான ஜன்னல்கள் மெல்லிய கோடுகளையும் சிறிய எழுத்துகளையும் விழுங்கிவிடும். ஆகவே பெரிய வடிவம், அழுத்தமான நிறம், நிதானமான அசைவு என்று மாணவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல்களின் கட்டங்களையே ஓவியத்தின் அங்கமாக்கிக்கொள்பவர் அந்தச் சுவரைப் புரிந்துகொண்டவர்.

பார்வையாளர்களும் வேறு. பள்ளிக் கண்காட்சிக்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் வருவார்கள். பாராட்டுவதென்று முன்பே முடிவுசெய்திருப்பார்கள். எதிர்க்கரை நடைபாதையில் போகிறவருக்கு அந்தக் கடமை இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் அவரை அரை நிமிடமாவது நிறுத்தி வைத்தால், அது படைப்பின் சொந்த பலம்.

பொதுத்திரையை மாணவர்களுக்குத் தர நினைக்கும் எந்த நகரமும் இங்கிருந்து சில நிபந்தனைகளை எடுத்துக்கொள்ளலாம். படைப்பை இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே செருகக் கூடாது. படைத்தவரின் பெயர் வாசிக்கும்படி இருக்க வேண்டும். நின்று பார்க்க அவகாசம் வேண்டும். காட்சிக்கு முன்பே உண்மையான திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பும் வேண்டும். இவை மாணவர்களுக்குக் காட்டும் சலுகைகள் அல்ல. கலைஞர் எவருக்கும் தரவேண்டிய மரியாதை. அந்த மரியாதையை இளம் வயதிலேயே பெற்றவர்கள்தான் நாளை தங்கள் நகரத்தின் சுவர்கள்மீது உரிமையோடு பேசுவார்கள்.