ஆறு கண்ணும் ஒரு பேட்டரியும்



போன அறிவியல் கண்காட்சியில எங்க மேசை மட்டும் சத்தமே இல்லாம இருந்தது ஞாபகம் இருக்கா? "என்னடி, பொம்மையா செஞ்சு வெச்சிருக்கீங்க?"ன்னு எத்தனையோ பேர் கேட்டீங்க. அன்னைக்கு பதில் சொல்ல முடியல. இன்னைக்குச் சொல்றேன்.

நாங்க மூணு பேர் சேர்ந்து செஞ்சது ஒரு மின்னணு இசைக் கருவி. இதுக்குப் பேர் மாடுலர் சிந்தசைசர். ஆர்மோனியம் போல ஒரே பெட்டியா இருக்காது. ஒரு பெட்டி ஓசையை உண்டாக்கும், இன்னொன்று தாளம் கொடுக்கும், வேறொன்று ஓசையை மாற்றும். பெட்டிகளை ஒயரால் இணைத்து நமக்கு வேண்டிய ஓசையைச் செய்துகொள்ளலாம். சவுண்ட் சர்வீஸ்ல வேலை செய்யற என் மாமா ரிச்சி தெருவுல இருந்து 555 என்கிற ஐ.சி. மூணு வாங்கிட்டு வந்தார். மூணு சோப்பு டப்பாவுல மூணு பெட்டி செஞ்சோம்.

உங்களுக்குத் தெரியுமா? இந்தக் கருவி நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் என்கிற மாடுலர் சிந்தசைசர் இருந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் இசை செய்து ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன.

சரி, எங்க கதைக்கு வரேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு கண் மாதிரி சிவப்பு எல்.இ.டி. வெச்சோம். மொத்தம் ஆறு கண்! பார்க்க அவ்வளவு அழகு. காலை ஒன்பதரைக்கு சுவிட்ச் போட்டோம். பத்தரைக்குக் கண் மங்கிடுச்சு, சத்தம் இழுத்து இழுத்து வந்தது. சிறப்பு விருந்தினர் வந்தது பதினொரு மணிக்கு. அப்போ எல்லாமே செத்துப் போச்சு. என் பெஞ்ச் தோழி அழுதுட்டா. அந்த 9 வோல்ட் பேட்டரி அவங்க அம்மா கொடுத்த காசுல வாங்கினது. கடைக்காரர் பழைய பேட்டரியைக் கொடுத்து ஏமாத்திட்டார்னு நாங்க பேசிக்கிட்டோம். அது தப்பு. குற்றவாளி நாங்க வெச்ச கண்ணுதான்!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சிவப்பு எல்.இ.டி. எரிய சுமார் 2 வோல்ட் போதும். பேட்டரி 9 வோல்ட். மீதி 7 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடை வைக்கணும். நாங்க வெச்சது 330 ஓம். ஓம் விதிப்படி 7-ஐ 330-ஆல் வகுத்தால் சுமார் 21 மில்லி ஆம்பியர். ஆறு கண்ணுக்கு 127. மூணு ஐ.சி.யும் சேர்ந்து குடிச்சது சுமார் 18 மட்டும்தான். அதாவது பாட்டுக்கு 18, அழகுக்கு 127! எங்க வீட்ல இதைச் சொன்னதும் பாட்டி, "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னு சிரிச்சாங்க.

அந்தச் சின்ன பேட்டரியில இருக்கறது சுமார் 400 மில்லி ஆம்பியர் மணி. 145 வீதம் எடுத்தா இரண்டே முக்கால் மணி நேரம் வரணுமே, ஏன் வரல? அறிவியல் சார் விளக்கினார். சாதாரண பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் அதில் இருப்பது முழுசாகக் கிடைக்காது. மெதுவா எடுத்தா அதிகம் கொடுக்கும்.

அப்போ விளக்கையே எடுத்துடலாமா? கூடாது. ஓசை கண்ணுக்குத் தெரியாது. பத்து பெட்டியை ஒயரால் இணைக்கும்போது எந்தப் பெட்டி வேலை செய்யுது, எது படுத்துடுச்சுன்னு விளக்குதான் காட்டும். பெரிய கருவிகளில் 60 விளக்குகூட இருக்கலாம். ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர் என்றாலே 600 ஆகிவிடும். அதனால் அதைச் செய்பவர்களுக்கும் இதே கவலைதான்.

நாங்க செஞ்சது இரண்டே மாற்றம்.

1. ஒரு டப்பாவின் இரண்டு கண்ணையும் தொடராக இணைத்தோம். ஒரே மின்னோட்டம் இரண்டு கண்ணிலும் போகும். ஒரு விளக்கின் செலவில் இரண்டு விளக்கு!

2. மின்தடையைக் கூட்டினோம். இரண்டு கண்ணுக்கு 4 வோல்ட் போனால் மீதி 5. அதற்கு 3300 ஓம் வைத்தோம். இப்போ ஒரு ஜோடிக்கு 1.5 மில்லி ஆம்பியர்தான்.

மூணு ஜோடிக்கு மொத்தம் நாலரை. 127 எங்கே, நாலரை எங்கே! வெளிச்சம் ரொம்பக் குறையுமேன்னு பயந்தோம். ஆனால் நம் கண் விசித்திரமானது. மின்னோட்டம் பாதியானால் வெளிச்சம் பாதியானதாகக் கண்ணுக்குத் தெரியாது. வகுப்பறைக்குள்ள ஆறு கண்ணும் நல்லாவே தெரியுது. வெயில்ல மட்டும் கையால மறைச்சுப் பார்க்கணும்.

இப்போ மொத்தச் செலவு 22.5. கணக்குப்படி 17 மணி நேரம் வரை வரணும். ஆண்டு விழா அன்னைக்கு ஒன்பது மணிக்குப் போட்டோம், நாலு மணிக்கும் பாடிக்கிட்டே இருந்தது. தோழியோட அம்மாவே வந்து கேட்டாங்க!

இன்னொரு விஷயம். வீட்ல டி.வி.யை ரிமோட்ல அணைச்சாலும் சிவப்பு விளக்கு எரியுது இல்லையா? அந்த விளக்கு குடிப்பது கொஞ்சம்தான். ஆனால் உள்ளே சர்க்யூட் தூங்காம விழிச்சிருக்குன்னு அது சொல்லுது. 1 வாட் வீணானாலும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 9 யூனிட். எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிட்டாங்க. ஆனாலும் அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சேர்ந்து மீன்பிடிக்கிறவங்க பிழைப்பைக் கெடுத்திருக்கு. நமக்கும் அவங்களுக்கும் தூரம் அதிகம் இல்லை. அதனால சுவிட்சையே அணைப்போம் தோழர்களே!

கடைசியாக ஒரு கேள்வி: ஒரு டப்பாவுக்கு மூணு கண் தொடராக வைத்து, அதே 1.5 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் எத்தனை ஓம் மின்தடை வேண்டும்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி என்கிட்ட கொடுங்க. முதல்ல சரியாகச் சொல்றவங்களுக்கு எங்க கருவியை வாசிக்கத் தருவோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மாதவரம்