குப்பென்று ஏறும் வெக்கை

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 49. பத்து மாதமாக விலக்கு ஆகவில்லை. பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது, அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுராத்திரியில் என்று நேரம் காலம் இல்லாமல் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் வெக்கை ஏறுகிறது. சில நிமிடங்களில் ரவிக்கை நனைந்துவிடுகிறது. அப்புறம் குளிர் எடுக்கிறது. "உடம்பு சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்கிறார் மாமியார். தோழி ஆளிவிதைப் பொடியைச் சிபாரிசு செய்கிறார். தண்ணீர்விட்டான் கிழங்கு மாத்திரைக்கு செல்பேசியில் தினமும் விளம்பரம் வருகிறது. "ஹார்மோன் மாத்திரை போடப் பயமாக இருக்கிறது. இயற்கை வழியிலேயே இதைக் கடந்துவிட முடியுமா?" என்று கேட்கிறார்.

அந்தப் பயத்துக்குக் காரணமான எச்சரிக்கையே மாறத் தொடங்கிவிட்டது. மெனோபாஸ் ஹார்மோன் மருந்துகளின் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டியிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் மாரடைப்பு, மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய வாசகங்களை நீக்கப்போவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 'எல்லோரும் ஹார்மோன் எடுங்கள்' என்று ஒரு கூட்டமும், 'எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி, எங்கள் பொடியை வாங்குங்கள்' என்று இன்னொரு கூட்டமும் அதற்குப் பின் இன்னும் உரக்கப் பேசுகின்றன. இரண்டு பக்கமும் விற்பனை இருக்கிறது. அந்த வெக்கை உடம்பில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பொடி எதைத் தொடும் என்பதை வாசகியே எடைபோட்டுவிடலாம்.

முதலில், உடம்பில் சூடு கூடிப்போகவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஃப்ரீட்மன், விழுங்கக்கூடிய சிறு வெப்பமானியைப் பெண்களுக்குக் கொடுத்து உள்வெப்பத்தை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்தார். நம் மூளை உள்வெப்பத்துக்கு ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வைத்திருக்கிறது. மேல் எல்லையைத் தாண்டினால் வியர்வை, கீழே இறங்கினால் நடுக்கம். இரண்டுக்கும் நடுவில் எதுவும் செய்யாமல் விட்டுவிடும். வெக்கைத் தொல்லை இல்லாத பெண்களிடம் இந்த இடைவெளி 0.4 டிகிரி செல்சியஸ் இருந்தது. தொல்லைப்படும் பெண்களிடம் அது ஏறக்குறைய பூஜ்யமாகச் சுருங்கியிருந்தது. அதனால், சாதாரணமாக யாரும் உணராத அற்ப ஏற்றத்துக்குக்கூட மூளை முழுப்படையையும் இறக்குகிறது. தோலடி ரத்தக்குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வியர்வை கொட்டுகிறது. தோல்தான் கொதிக்கிறதே தவிர, உள்வெப்பம் அதற்குப் பிறகு குறைந்துவிடுகிறது. கடைசியில் வரும் குளிருக்கு அதுவே காரணம்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியின் மேல் உட்கார்ந்திருக்கும் வெயிட்டின் கனத்தை ஆவியின் அழுத்தம் மீறும்வரை விசில் வராது. மீறினால் வெயிட் எழும்பி, விசில் அடித்து, ஆவி வெளியேறி, மறுபடி உட்காரும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் இங்கே வெயிட். அது கனமாக இருந்த காலத்தில் மாடிப்படி ஏறினாலும், சூடாகக் காபி குடித்தாலும், யாரிடமாவது கோபப்பட்டாலும் ஆவி கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். வெயிட் இலேசான பிறகு, அதே அடுப்பு, அதே அரிசி, அதே தண்ணீர், ஆனால் தொட்டதற்கெல்லாம் விசில். ஒவ்வொரு விசிலிலும் தேவைக்கு அதிகமாகவே ஆவி போய்விடுகிறது. மோரும் இளநீரும் வெந்தயத் தண்ணீரும் குக்கரின் பக்கவாட்டில் தெளிக்கும் தண்ணீர் மாதிரி. அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், குடிப்பதில் தவறே இல்லை. வெயிட்டை அவை தொடுவதில்லை. மின்விசிறி, பருத்திப் புடவை, இரவில் சன்னலைத் திறந்து வைப்பது எல்லாம் அடுப்பைச் சிம்மில் வைப்பது. அடுத்த விசிலை வேண்டுமானால் சற்றுத் தள்ளிப்போடும்.

அந்த வெயிட் மூளையில் எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்த கதைதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் நரம்பு நோய்க்கூற்று நிபுணரான நவோமி ரான்ஸ், இறந்த பெண்களின் மூளைகளில் ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மாதவிலக்கு நின்ற பெண்களிடம் ஒரு குறிப்பிட்ட நரம்புச் செல் கூட்டம் புடைத்துப் பெருத்திருந்தது. வயதாகும்போது மூளையில் செல்கள் சுருங்குவதும் சாவதும்தான் வழக்கம். இவை ஏன் பெருக்க வேண்டும்? 1990களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட ரான்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை விடவில்லை.

பெருத்த செல்களின் அன்றாட வேலைக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களுக்குத் தாளம் போடுவதுதான் அவற்றின் பணி. கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்பின் என்ற மூன்று வேதிப்பொருள்களை அவை வைத்திருக்கின்றன. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் 'போதும்' என்று அவற்றை அடக்கி வைக்கும். நாற்பதுகளின் பிற்பகுதியில் சினைப்பை ஓய்வெடுக்கத் தொடங்கியதும் அந்தப் பதில் வருவதில்லை. பதில் வராததால் இந்தச் செல்கள் மேலும் மேலும் நியூரோகைனினைச் சுரந்து, அந்த உழைப்பிலேயே பெருத்துப் போகின்றன. அவற்றின் நரம்பிழைகள் சற்று முன்னால் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் போகின்றன. இனப்பெருக்கத் துறையின் கூச்சல் வெப்பத் துறையின் காதில் விழுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வால்ஜித் தில்லோவின் குழு காட்டியது. மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த இளம் பெண்கள் பத்துப் பேருக்கு நியூரோகைனின் பி-யை நரம்பில் ஏற்றினார்கள். எட்டுப் பேருக்குக் குப்பென்று வெக்கை ஏறியது. 2015இல் வெளியான முடிவு இது. 2017இல் அதே குழு எதிர்த்திசையிலும் சோதித்தது. நியூரோகைனின் உட்காரும் ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது வெக்கை வாரத்துக்குச் சுமார் 19 முறை, போலி மாத்திரை கொடுத்தபோது சுமார் 49 முறை. ஹார்மோனே இல்லாமல், வெயிட்டின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்த மாதிரி.

அந்த வகையில் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆரவாரம் அடங்கு முன்பே, 2024 டிசம்பரில், அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்ற கறுப்புக் கட்டம் அதன் மேலும் ஏறியது. புது மருந்து என்றதும் கொண்டாடுகிறவர்கள் இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரலாற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நிற்பதற்கு 'மெனோபாஸ்' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான், 1821இல். இதை ஒரு குறைபாட்டு நோயாக்கி, என்றென்றும் ஈஸ்ட்ரோஜன் எடுக்கச் சொன்னவர் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், 1966இல் எழுதிய புத்தகத்தில். அவருக்கு மருந்து நிறுவனத்தின் பணம் வந்தது பின்னாளில் தெரிந்தது. 2002இல், ஹார்மோன் மருந்தைச் சோதித்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டதும் உலகமே எதிர்ப்பக்கம் ஓடியது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், கூடுதலான மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்கு 10,000 பெண்களில் 8 பேருக்கு என்பதும் அந்த ஓட்டத்தில் யார் காதிலும் விழவில்லை. வெக்கையால் துடித்த ஐம்பது வயதுக்காரிகளின் கையிலிருந்தும் மருந்து பறிக்கப்பட்டது.

இனி வாசகியின் பொடிகளுக்கு வருவோம். ஆளிவிதையில் லிக்னன் என்ற, ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்ட பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 188 பெண்களில் ஒரு பாதிக்கு ஆளிவிதை மிட்டாய், மறுபாதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மிட்டாய் கொடுத்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஆளிவிதை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் தொல்லை பாதியாகக் குறைந்தது. வெற்று மிட்டாய் சாப்பிட்டவர்களிலும் அதே அளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெற்று மிட்டாயில் குணமானவர்கள் பொய் சொல்லவில்லை. தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்து தேடுகிறார், உச்சத்துக்குப் பிறகு எதுவும் இறங்கத்தான் செய்யும். நம்பிக்கையும் மூளையில் நிஜமான மாற்றம் செய்கிறது. "மூணே வாரத்துல சரியாயிடுச்சு" என்று விளம்பரத்தில் சொல்லும் பெண் தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார். அந்தப் பொடிதான் காரணம் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சோயாவின் கதை இன்னும் சுவையானது. அதிலுள்ள டெய்ட்ஸீன் என்ற பொருளைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற வீரியமான பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியா எல்லோர் குடலிலும் இல்லை. மேலை நாட்டினரில் ஏறக்குறைய கால்வாசிப் பேரிடமும், ஜப்பான், சீனாவில் பாதிப் பேரிடமும் இருக்கிறது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். சோயாவை உணவாகச் சாப்பிடுங்கள், நல்ல புரதம். மருந்தாக நம்பிக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர்விட்டான் கிழங்கு பற்றிய ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. அமுக்கராக் கிழங்கு மாத்திரைகளாலும், மேலைநாட்டில் மெனோபாஸுக்கென்றே விற்கும் பிளாக் கோஹோஷ் வேராலும் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். மூலிகை என்பதற்காகக் கல்லீரல் சலுகை தருவதில்லை.

வட அமெரிக்க மருத்துவர்களின் மெனோபாஸ் சொசைட்டி 2023இல் ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் அலசியது. மூலிகைகள், யோகா, உடற்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, அக்குபங்சர், உணவு மாற்றம் ஆகியவை வெக்கையைக் குறைப்பதாகச் சான்று போதவில்லை என்றது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் மருத்துவ ஹிப்னாஸிஸும் மட்டும் மருந்தில்லா வழிகளில் முதல் வரிசையில் தேறின. எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பு அடுத்த வரிசையில் வந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மைரா ஹன்ட்டர் நடத்திய ஆய்வுகளில் அந்த நடத்தை சிகிச்சை வெக்கையின் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்கவில்லை, அது தரும் அவதியைக் குறைத்தது. 'எல்லோரும் பார்க்கிறார்களே' என்ற பதற்றம் கூடுவதாலேயே விசில் இன்னும் பலமாக ஒலிக்கிறது. அந்தப் பதற்றத்தைத் தணிப்பது பெரிய உதவிதான்.

இதைப் படித்துவிட்டு நடையையும் யோகாவையும் விட்டுவிடாதீர்கள். வெக்கைக்கு உதவாத யோகா, அதே காலத்தில் வரும் தூக்கக் கேட்டுக்கு உதவியதாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதைவிட முக்கியம், எலும்பு. ஈஸ்ட்ரோஜன் போன முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது, சத்தம் எதுவும் போடாமல். அங்கே கேழ்வரகுக்கும் (100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்) எள்ளுக்கும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக்கும் வெயிலுக்கும் நிஜமான வேலை இருக்கிறது. நடந்தால் மட்டும் போதாது, கனம் தூக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் தொடங்கினால்கூடச் சரி. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் இந்த வயதில் பார்த்துவிட வேண்டும், இதயத்துக்கு இருந்த பாதுகாப்பும் தளர்கிற காலம் இது. இயற்கை வழி என்று எதையாவது சொல்வதானால் நான் இவற்றைத்தான் சொல்வேன். இவற்றை டப்பாவில் அடைத்து விற்க முடியாது என்பதால்தான் விளம்பரம் வருவதில்லை.

வெக்கை பொறுக்க முடியாததாக இருந்தால் ஹார்மோன் கேட்பது தோல்வி அல்ல. அறுபது வயதுக்குள், அல்லது விலக்கு நின்ற பத்து ஆண்டுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானோருக்கு நன்மையே கூடுதல் என்பது இன்றைய மருத்துவ அமைப்புகளின் கணிப்பு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள் கதை வேறு, அவர்கள் மருத்துவரிடம் பேசியே முடிவெடுக்க வேண்டும். நாற்பது வயதுக்கு முன்பே விலக்கு நின்றவர்களும், கர்ப்பப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்ட இளம் பெண்களும் பொடியை நம்பி ஆண்டுகளைக் கழிக்கவே கூடாது. இயற்கையாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் ஈடு தேவையா என்று அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று அவதிப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது.

அமெரிக்காவின் 'ஸ்வான்' என்ற நீண்டகால ஆய்வில் அடிக்கடி வெக்கை வந்த பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள். "பொறுத்துக்கொள், கொஞ்ச நாளில் போய்விடும்" என்று வீட்டில் சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும்.

வாசகியிடம் கடைசியாக ஒன்று. பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், எந்தப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், 'சூட்டினால் வந்திருக்கும்' என்று விட்டுவிடாமல் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். கர்ப்பப்பை உட்சுவரின் புற்றுநோயாக இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கக் கிடைக்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான்.