எலும்பு நழுவியது: முடிவெடுப்பவர் யார்?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், பங்கு இல்லத் திண்ணையில் ஒரு தாய் நமக்காகக் காத்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நாற்பது ஆண்டுகளாகத் தலையில் மீன்கூடை சுமந்து, தெருத் தெருவாக விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் மடியில் ஒரு பெரிய காகித உறை. அதனுள் எக்ஸ்ரே படங்கள்.

"சாமி, டாக்டர் ஆபரேசன் செய்யணும்னு சொல்லுதாரு. மூத்தவன் செஞ்சிருவோம்ங்கான். எங்க மதினி, முதுகுல கத்தி வச்சா அப்புறம் படுத்த படுக்கைதான்னு பயங்காட்டுதா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிடுதேன்."

நாம் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அதைப் போன்றதோர் உறை நம் அறை அலமாரியிலும் மூன்று மாதங்களாகக் கிடந்தது. அவருக்கு நழுவியிருந்தது இடுப்பின் நான்காம் முள்ளெலும்பு, நமக்கும் அதுவே. "வேண்டாம் அம்மா, பொறுத்துப் பார்ப்போம்" என்னும் சொற்கள் நாநுனி வரை வந்துவிட்டன. ஆனால் அச்சொற்களைப் பேசத் துடித்தது அந்தத் தாயின் நலமா, நம் சொந்த அச்சமா? மக்கள் தங்கள் குருவின் சொல்லுக்கு மதிப்புத் தருகிறார்கள். அந்த மதிப்பைக் கொண்டு நமது அச்சத்தை அவர்மேல் சுமத்துவது பெருங்குற்றமாகும் என்று உள்ளம் உறுத்திற்று.

"அம்மா, இரு வாரம் பொறுங்கள். நானும் கேட்டறிந்து சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தோம். பின்னர் நம் உறையையும் எடுத்துக்கொண்டு, நமக்கு அறிமுகமான எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் பொறுமையோடு விளக்கியவற்றையும், நாம் படித்தறிந்தவற்றையும், இதே கேள்வியோடு தவிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று கருதி இங்கே தருகிறோம்.

நழுவுவது எது?

முதுகுத்தண்டு 33 எலும்புகளால் ஆனது. அவற்றுள் அசையக்கூடியவை 24: கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. எஞ்சியவை ஒன்றோடொன்று இணைந்து போனவை. ஓர் எலும்பு தனக்குக் கீழுள்ள எலும்பின்மீது முன்னோக்கிச் சறுக்குவதையே முள்ளெலும்பு நழுவல் என்கிறோம். எலும்புகளுக்கு இடையே மெத்தை போலமைந்த தட்டு பிதுங்கி வருவது வேறு நோய். 'டிஸ்க் விலகிவிட்டது' என்று நம் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால், ஒருவருக்குச் சொன்ன மருந்தை மற்றவர் பின்பற்றும் குழப்பம் நேர்கிறது.

நழுவல் பெரும்பாலும் இருவகையாக நிகழ்கிறது. இளமையில், முள்ளெலும்பின் பின்புறமுள்ள மெல்லிய எலும்புப் பாலம் ஓயாத அழுத்தத்தால் விரிசல் கண்டு, ஐந்தாம் எலும்பு நழுவுவது ஒன்று. வேகப் பந்து வீசுவோரிடமும் உடல்வித்தைப் பயிற்சி செய்வோரிடமும் இவ்விரிசல் மிகுதியாகக் காணப்படுகிறது. ஐம்பதைக் கடந்தபின், தட்டு வற்றி மூட்டுகள் தளர்ந்து, நான்காம் எலும்பு நழுவுவது மற்றொன்று. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

1932இல் அமெரிக்க மருத்துவர் மேயர்டிங் என்பவர் இதற்கோர் அளவை வகுத்தார். கீழெலும்பின் மேற்பரப்பை நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு வரை நழுவினால் முதல் நிலை, இரு பங்கு வரையானால் இரண்டாம் நிலை என்று குறிப்பர். எனினும் இவ்வளவைக்கொண்டு மட்டும் வலியை அளந்துவிட இயலாது. நழுவிய எலும்போடு, அப்படி ஒன்று உண்டென்றே அறியாமல் வாழ்ந்து முடிப்போரும் பலர். ஆகவே படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கலங்க வேண்டுவதில்லை.

வலி காலில் இறங்கும்போது

எலும்பு நழுவினால், நரம்புகள் செல்லும் குழாய் அவ்விடத்தில் குறுகுகிறது. நடக்கும்போதும் நிற்கும்போதும் கால்கள் கனத்து, மரத்து, எரிகின்றன. சற்றே குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் குழாய் விரிந்து வலி தணிகிறது. நமக்கு மிதிவண்டியில் குனிந்து செல்கையில் வலியே தெரிவதில்லை. பீடத்தருகே நிமிர்ந்து நிற்கையில்தான் கால்கள் இரும்பாயின. அதன் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

அவசர நிலை ஒன்றுண்டு. அதை ஒவ்வொரு குடும்பமும் நினைவில் வைப்பது நல்லது. சிறுநீர் தடைபடுதல், சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காது போதல், இருக்கையில் அமரும் பகுதி மரத்துப் போதல், கால்களின் பலம் விரைந்து குறைதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே ஆலோசித்துக் கொண்டிருக்க நேரமில்லை.

மற்றவர்களுக்கு நேரமுண்டு. முதலில் சில மாதங்கள், பயிற்சியாளர் கற்றுத்தரும் வயிற்று, முதுகுத் தசைப் பயிற்சிகள், எடைக் குறைப்பு, அளவான நடை, தேவையான மருந்து ஆகியவற்றை முயல்வதே முறை. முதுகில் இடும் ஊசி சிலருக்குத் தற்காலிகமாக உதவும். வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பது தசைகளை மேலும் தளர்த்தும். வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோருக்கு இரைப்பையும் சிறுநீரகமும் கெடக்கூடும். 'எலும்பைத் தள்ளி உட்கார வைக்கிறேன்' என்பாரிடம் முதுகைக் கொடுக்கவே வேண்டாம். தடவியும் மிதித்தும் அது தன்னிடத்திற்குத் திரும்பாது.

அச்சமும் உண்மையும்

'முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கை' என்ற மதினியின் பேச்சில் உண்மை எவ்வளவு? மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இடுப்பின் முதலாம், இரண்டாம் எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால்போல் பிரிந்து தொங்கும் நரம்புகளே உள்ளன. நான்காம் எலும்பருகே செய்யும் அறுவை தண்டுவடத்திற்குக் கீழே நடைபெறுவது. ஆதலால் இரு கால்களும் முற்றிலும் செயலிழப்பது மிக அரிது. ஆனால் ஆபத்தே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. நரம்பு ஒன்று பாதிக்கப்படலாம். நரம்பைச் சூழ்ந்த உறை கிழியலாம். புண்ணில் சீழ் பிடிக்கலாம். காலில் இரத்தம் உறையலாம். பொருத்திய திருகாணி தளரலாம். சில ஆண்டுகளில் அடுத்த எலும்பில் தொல்லை தொடங்கலாம். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவர்க்குச் சீழ் பிடிக்கும் வாய்ப்பும், புகைப்பவர்க்கு எலும்பு ஒட்டாது போகும் வாய்ப்பும் கூடுதல்.

பயன் எவ்வளவு? அமெரிக்காவில் 13 மருத்துவ மையங்களில் நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. 304 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு அணிகளாக்கினர். ஆனால் ஓராண்டுக்குள் ஒவ்வோர் அணியிலும் ஏறத்தாழ 100க்கு 40 பேர், தமக்குக் குறித்ததை விட்டு மறுபக்கம் மாறிவிட்டனர்! அதனால் அணிகளை ஒப்பிட்டுப் பயனில்லாது போயிற்று. உண்மையில் அறுவை செய்துகொண்டோரையும் செய்யாதோரையும் ஒப்பிட்டபோது, செய்துகொண்டோர் ஈராண்டு முடிவில் தெளிவாக மேம்பட்டிருந்தனர். செய்யாதோரும் ஓரளவு தேறியிருந்தனர்.

நரம்பின் நெருக்கத்தை மட்டும் நீக்கினால் போதுமா, திருகாணியிட்டு எலும்புகளை இணைக்கவும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நார்வே நாட்டில் 267 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கம் மட்டும் நீக்கப்பட்டோரில் 100க்கு 71 பேரும், எலும்பும் இணைக்கப்பட்டோரில் 73 பேரும் ஈராண்டில் போதிய நலம் கண்டனர். மீண்டும் அறுவை தேவைப்பட்டோர் முன்னவரில் 100க்கு 12 அல்லது 13 பேர். பின்னவரில் 9 பேர். ஆகவே இணைப்பு எல்லாருக்கும் கட்டாயமன்று. எலும்பு மிகவும் அசைபவர்க்கு அது தேவைப்படலாம். இரு ஆய்வுகளிலும் 100 பேரும் நலம் பெறவில்லை என்பதையும் கருத வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவர் முன் வாய்மூடி அமர்ந்திருப்பது பணிவாகாது. வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய்க் கேட்கலாம்:

1. என் கால் வலி இந்த நழுவலால் வருவதுதானா? இடுப்பு மூட்டாலோ, இரத்தக் குழாய் அடைப்பாலோ, சர்க்கரை நோயாலோ இராதா?

2. நின்றும் குனிந்தும் எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? (படுத்தபடி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் நழுவல் குறைந்து தோன்றக்கூடும்.)

3. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் என்ன இழப்பேன்?

4. நெருக்கம் நீக்குவது மட்டுமா, திருகாணியுமா? எனக்கு ஏன் அது?

5. தீரப்போவது கால் வலியா, முதுகு வலியா? (கால் வலி தீர்வது போல் முதுகு வலி உறுதியாகத் தீர்வதில்லை.)

6. செலவு எவ்வளவு? அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா? எத்தனை வாரம் பிறர் துணை வேண்டும்?

இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்பது முதலாமவரை அவமதிப்பதாகாது. 'ஜெபித்தால் போதாதா, அறுவை செய்வது விசுவாசக் குறைவில்லையா?' என்றும் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. மருத்துவரை மதிக்கும்படி சீராக் நூலின் 38ஆம் அதிகாரமே அறிவுறுத்துகிறது. ஜெபத்தையும் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை.

ஒரே எலும்பு, இரு முடிவுகள்

அடுத்தடுத்த வாரங்களில் அந்தத் தாய் மகனோடு இரு மருத்துவர்களைக் கண்டார். இருவரும் ஒன்றையே கண்டனர்: அவரால் ஐம்பது அடி நடந்தால் உட்காராமல் இருக்க முடியவில்லை, இடக்காலின் பெருவிரலை மேலே தூக்கும் பலம் மாதத்திற்கு மாதம் குறைந்து வந்தது, குனியும்போது எலும்பு மிகுதியாக அசைந்தது. பயிற்சியும் ஊசியும் முன்பே பயன்படவில்லை. 'நான் என்ன செய்ய?' என்று அவர் மீண்டும் நம்மிடம் வந்தபோது, "நீங்கள் எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறீர்கள் அம்மா?" என்று மட்டுமே கேட்டோம். "நடக்கணும் சாமி. பிள்ளைக கையை எதிர்பாக்காம சந்தைக்குப் போகணும்" என்றார். பதில் அவரிடமே இருந்தது.

அறுவைக்கு முன் நோயிற்பூசுதல் பெற்றுச் சென்றார். திருகாணியும் பொருத்தினர். முதல் வாரம் மிகவும் வேதனைப்பட்டார். அப்போது படுக்கையருகே ஆறு இரவுகள் விழித்திருந்தவர், அச்சுறுத்திய அந்த மதினியே! மூன்று மாதங்களுக்குப்பின் கோவிலுக்கு நடந்தே வந்தார். பெருவிரல் முழுப் பலம் பெறவில்லை, காலை வேளையில் முதுகு பிடிக்கிறது, தலைச்சுமை நின்றுபோயிற்று. இன்று சந்தையில் ஓரிடத்தில் அமர்ந்து மீன் விற்கிறார்.

நாமோ அறுவை செய்துகொள்ளவில்லை. நம் கால்களில் பலக்குறைவில்லை; ஒரு கிலோமீட்டர் நடக்க முடிகிறது; பயிற்சியால் வலி பாதியாகக் குறைந்தது. மறையுரையை உட்கார்ந்து ஆற்றுகிறோம், மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்திற்கொருமுறை மருத்துவர் நம் கால்களைச் சோதிக்கிறார். நாளை பலம் குறையுமாயின் நம் முடிவும் மாறும்.

சென்ற வாரம் சந்தை வழியே சென்றபோது அந்தத் தாய் அழைத்து, "சாமி, உங்களுக்கு எப்போ ஆபரேசன்?" என்றார். "இப்போதைக்கு இல்லை அம்மா" என்றோம். நம்மைச் சற்றே உற்றுப் பார்த்தார். "பயந்துக்கிட்டு வேண்டாம்னு சொல்லாதீக சாமி. டாக்டர்ட்ட நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த மாதச் சோதனைக்குக் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம்.